கடிதம் வராமலே கணக்கெழுதும் மேலாள்

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் என்றால் கத்தி, கதிர், முடி கொட்டும் ஊசி, இவ்வளவுதானா என்று முன்வரிசையில் ஓர் ஆச்சி கேட்டார்கள். இல்லை ஆச்சி. தினம் ஒன்றாக விழுங்கும், விலை மலிவான டாமாக்சிஃபென் என்ற மாத்திரையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

உங்கள் ஐயாக்கள் பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இங்கே ஊரில்; கடையில் மேலாள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் மேலாள் பேரேட்டைத் திறந்து ஆக வேண்டியதைச் செய்வார். நம் செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.தான் பேரேடு. ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் கடிதம். கொழுப்பில் கரைபவை என்பதால் அவை செல்லின் உறையைக் கடந்து நேரே உள்ளே வந்துவிடும். அங்கே அவற்றை வாங்கிக்கொண்டு எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களுக்கு உட்கரு ஏற்பிகள் என்று பெயர். அவைதான் மேலாள். மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் 48 பேர். மார்பகப் புற்றுக் கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை நம்பியே வளர்கின்றன.

ஹார்மோன் என்ற சொல்லே பிறவாத 1896இல் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், சினைப்பைகளை அகற்றினால் சிலருக்கு மார்பகக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைப் பின்தொடர்ந்து ஏற்பியைக் கண்டுகொண்டார். 1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் டாமாக்சிஃபெனைத் தயாரித்தார். எதற்கு? கருத்தடைக்கு! அது பலிக்கவில்லை, பெண்களிடம் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது. கழித்துப் போட வேண்டிய சரக்கு புற்றுநோய்க்குக் கைகொடுத்தது.

டாமாக்சிஃபென் ஒரு போலிக் கடிதம். மேலாளின் கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அசல் கடிதத்துக்கு இடம் இராது. ஆனால் மார்பகத்தில் வாயடைக்கும் அதே கடிதம் கருப்பையில் அசல் போலவே செல்லுபடியாகிறது. ஆகவே தீட்டு நின்ற பிறகு இரத்தம் பட்டால் வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புக்கோ அதுவே நன்மை செய்கிறது.

கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்கள் இந்த மாத்திரையை 5 ஆண்டு விடாமல் சாப்பிட்டால், 15 ஆண்டுகளில் இந்நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நம் பக்கத்தில் நான் பார்ப்பதோ, "உடம்புதான் தேறிவிட்டதே" என்று பாதியில் நிறுத்துகிறவர்களை. திகுதிகுவென்று எரிச்சல் வரும், தெரியும். அதைத் தணிக்க வழி உண்டு. வந்து கேளுங்கள், மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

ஐயாமார்களுக்கும் பங்கு உண்டு. புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனை நம்பியிருக்கிறது என்று 1941இல் காட்டிய சார்லஸ் ஹகின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. என்சலூட்டமைட் மாத்திரை அந்த ஹார்மோனின் ஏற்பியைத்தான் அடைக்கிறது.

ஷாங்காயில் நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு வகை இரத்தப் புற்றில் வைட்டமின் ஏ வழி வந்த அமிலத்தின் ஏற்பி இன்னொரு புரதத்தோடு ஒட்டிப் பழுதாகிவிடுகிறது. செல்கள் முதிராமல் குவிகின்றன. 1985இல் வாங் சென்யி அந்த அமிலத்தையே 5 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார். செல்கள் கொல்லப்படவில்லை, முதிர்ந்தன. குழந்தை பிழைத்தது.

புற்றுநோயும் சும்மா இருப்பதில்லை. நாளடைவில் ஏற்பி உருமாறி, கடிதம் வராமலே கணக்கெழுதத் தொடங்குகிறது. அப்போது போலிக் கடிதம் போதாது. மேலாளையே வெளியேற்ற வேண்டும். ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி அதைச் செய்கிறது. அமெரிக்காவில் 2023இல் ஒப்புதல் பெற்ற எலாசெஸ்ட்ரன்ட், அதே வேலைக்கான மாத்திரை.

மார்பகக் கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கையில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி) என்று இரண்டு வரிகள் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மேடை முன் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அறிக்கையோடு பின்கட்டுக்கு வாருங்கள். கடைசி ஆள் போகும்வரை இருப்பேன்.