முப்பதில் இரண்டு போனால்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் துணைத்தலைவர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சி இருந்தும் எனக்காகப் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, வாசகர் வட்டத்துச் செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகை வாங்காமல் தந்த பந்தல்காரர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பின்வரிசையில் வாசலுக்குப் பக்கமாக இடம் பிடித்திருக்கும் விவரமான நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று பத்து வருடமாக மேடைதோறும் சொல்லிவருகிறேன். இன்று இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். புத்தகத்தை வைத்துக்கொள்கிறேன். பொன்னாடையைப் பந்தல்கார அண்ணனுக்கே போர்த்துகிறேன். அவருக்குக் கைதட்டுங்கள்.

அழைப்பிதழில் தலைப்பு “ஒரு ரஷ்ய டிவிஷனின் வரலாறும் அமைப்பும்” என்றிருக்கிறது. ஐந்து செய்திகள் சொல்வதாகத் தலைவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். படை எப்படித் திரண்டது, எப்படி அமைந்திருந்தது, எப்படிப் போரிட்டது, அதன் பெயரில் பரவிய கதை என்ன, போருக்குப்பின் அது என்ன ஆனது. ஐந்தும் வரும் என்று நம்புவோம்.

அதற்கு முன்னால் என் பாட்டி. என் கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்குப் பாட்டியைத் தெரியும். நாலு மரக்கால் நெல்லை நம்பிக்கையின் பேரில் கொடுத்துவிட்டு, வாங்கினவர் “எப்போ வாங்கினேன்?” என்று கேட்டபோது திண்ணையில் உட்கார்ந்து அவள் சொன்ன பழமொழி: “எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்கோ வரைக்கும் இது நம்மோடு வரப்போகிறது.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் நாட்டின்மேல் படையெடுத்தது. அடுத்த மாதமே, போர்முனையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கசாக்கிஸ்தானில் அல்மா அத்தா நகரில் ஒரு புதிய டிவிஷனைத் திரட்டினார்கள். அதன் எண் 316. ரஷ்யப் படை என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் கசாக்கியர் இருந்தார்கள், கிர்கிஸ்காரர்கள் இருந்தார்கள், உக்ரேனியர் இருந்தார்கள், ரஷ்யரும் இருந்தார்கள். சோவியத் டிவிஷன் என்பதுதான் சரி. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, மன்னியுங்கள்.

தலைவர் மேஜர் ஜெனரல் இவான் வசீலியெவிச் பன்ஃபீலவ். ரஷ்யப் புரட்சியை அடுத்த உள்நாட்டுப் போரில், பேர்பெற்ற தளபதி சப்பாயெவின் டிவிஷனில் சண்டையிட்டவர். 1941இல் கிர்கிஸியக் குடியரசின் ராணுவ ஆணையராக இருந்தார். வீரர்கள் அவரை “பாத்யா” என்றார்கள். நம் பக்கத்தில் பெரியவரை “அப்பு” என்பதுபோல. அவர் மகள் வலெந்தீனா அதே டிவிஷனின் மருத்துவப் பட்டாலியனில் பணியாற்றினார். பிள்ளையைப் பத்திரமான ஊரில் வைத்துவிட்டு மற்றவர் பிள்ளைகளைச் சண்டைக்கு அழைத்துப்போகவில்லை அந்த மனுஷன். இது எனக்குப் பிடித்த விஷயம்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படைப்பிரிவு, படையணி என்று தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், குழப்பம்தான் மிச்சம். டிவிஷன் என்றே சொல்கிறேன், தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த டிவிஷனில் ஏறத்தாழ 11,000 பேர். 1073, 1075, 1077 என்று எண்ணிட்ட மூன்று காலாட்படை ரெஜிமெண்ட்கள். 857 என்ற பீரங்கி ரெஜிமெண்ட் ஒன்று. பாலம் கட்டவும் கண்ணிவெடி புதைக்கவும் ஆட்கள், தந்தி தொலைபேசிக்காரர்கள், மருத்துவக்காரர்கள். ஒவ்வொரு காலாட்படை ரெஜிமெண்டிலும் மூன்று பட்டாலியன். ஒவ்வொரு பட்டாலியனிலும் மூன்று துப்பாக்கிக் கம்பெனி. கம்பெனிகளுக்கு ரெஜிமெண்ட் முழுக்கத் தொடர் எண். முதல் பட்டாலியனில் 1, 2, 3. இரண்டாவதில் 4, 5, 6. ஆகவே 4வது கம்பெனி என்றாலே இரண்டாவது பட்டாலியன் என்று அர்த்தம். இந்த 4வது கம்பெனியை மறந்துவிடாதீர்கள்.

சாதாரணமாக டிவிஷனுக்கு மேலே கோர் என்று ஓர் அடுக்கு உண்டு. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே அதை எடுத்துவிட்டார்கள். அத்தனை அடுக்குக்கும் பழகிய தளபதிகள் இல்லை. டிவிஷன் நேரே ஆர்மியின் கீழ் வந்தது. அக்டோபரில் 316வது டிவிஷனை மாஸ்கோவுக்கு மேற்கே வொலொகலாம்ஸ்க் பக்கம் கொண்டுவந்த பிறகு அது தளபதி ரொக்கொஸோவ்ஸ்கியின் 16வது ஆர்மியில் சேர்ந்தது. காக்கக் கொடுத்த நீளம் 41 கிலோமீட்டர். போர் விதிநூல்படி ஒரு டிவிஷனுக்கு 8இலிருந்து 12 கிலோமீட்டர். ஒரு வேட்டியைக் கொடுத்து நாலு பேர் கட்டிக்கொள்ளச் சொன்ன கணக்கு. வேலிபோல ஆட்களை வரிசையாக நிறுத்தினால் ஓட்டைதான். அதனால் பன்ஃபீலவ் சாலைகளைப் பிடித்தார். சிறு சிறு குழுக்கள் சாலையோரம் மறைந்திருந்து அடிக்கும், எதிரி நின்று தயாராவதற்குள் பின்வாங்கும், அடுத்த திருப்பத்தில் மறுபடி அடிக்கும். இந்த முறையில் பேர் வாங்கிய பட்டாலியன் தலைவர் பவூர்ஜான் மொமிஷுலி, கசாக்கியர். அவரைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம், செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 27இல் வொலொகலாம்ஸ்க் விழுந்தது. டிவிஷன் உடையவில்லை. நவம்பர் 18இல் அதற்கு, சிறப்பாகப் போரிட்ட படைகளுக்குத் தரும் ‘கார்டு’ என்ற கௌரவப் பட்டம் கிடைத்து, 8வது கார்டு டிவிஷன் ஆனது. அதே நாளில், குசேனெவோ கிராமத்தில், மோர்ட்டார் குண்டின் சில்லு பட்டு பன்ஃபீலவ் இறந்தார். சில நாளில் டிவிஷனுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த இடம்.

பட்டம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 16. துபொசேகவோ என்ற சின்ன ரயில் நிலையத்துக்கு அருகே 1075வது ரெஜிமெண்டின் 4வது கம்பெனி ஜெர்மன் டாங்கிகளை எதிர்த்து நின்றது. பதினோரு நாள் கழித்து, நவம்பர் 27இல், ராணுவப் பத்திரிகையான ‘க்ராஸ்னயா ஸ்வெஸ்தா’வில் கொரொத்தேயெவ் என்ற நிருபரின் செய்தி வந்தது. மறுநாள் அதே பத்திரிகையில் கிரிவீட்ஸ்கி தலையங்கம் எழுதினார். 28 வீரர்கள், ஐம்பதுக்கு மேற்பட்ட டாங்கிகள், 18 டாங்கிகள் நாசம், 28 பேரும் மரணம். 1942 ஜூலையில் அந்த 28 பேருக்கும் சோவியத் வீரர் பட்டம். சாகும் நேரத்தில் அரசியல் அலுவலர் க்ளொச்கோவ், “ரஷ்யா பெரிது, ஆனால் பின்வாங்க இடமில்லை, பின்னால் மாஸ்கோ” என்று சொன்னாராம். பள்ளிக் குழந்தைகள் மனப்பாடம் செய்தார்கள்.

அந்த 28 எங்கிருந்து வந்தது? பொறுமையாகக் கேளுங்கள், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம்.

கொரொத்தேயெவ் துபொசேகவோவுக்குப் போகவே இல்லை. ஆர்மித் தலைமையகத்தில் டிவிஷனின் கமிசாரை, அதாவது அரசியல் அதிகாரியைப் பார்த்தார். ஒரு கம்பெனி டாங்கிகளோடு மோதியது என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மாஸ்கோவுக்குத் திரும்பினார். ஆசிரியர் ஓர்த்தன்பெர்க் கேட்டார்: “கம்பெனியில் எத்தனை பேர் இருந்தார்கள்?” நிருபருக்குத் தெரியாது. “முழுக் கம்பெனியாக இருந்திருக்காது, 30, 40 பேர் இருக்கலாம். இரண்டு பேர் துரோகம் செய்ய முயன்றார்கள் என்றும் சொன்னார்கள்.” அவ்வளவுதான் செய்தி. ஆசிரியர் மேசையிலேயே கணக்குப் போட்டாகிவிட்டது. முப்பது. அதில் இரண்டு போனால் இருபத்தெட்டு. மளிகைக் கடையில் சில்லறை பார்க்கிற மாதிரி! பத்திரிகையில் துரோகியை மட்டும் ஒருவராகக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு துரோகி பார்க்க நன்றாக இருக்காதாம்.

எண் வந்துவிட்டது. எண்ணுக்குப் பெயர் வேண்டுமே? கிரிவீட்ஸ்கி பிறகு டிவிஷனுக்குப் போனார். கம்பெனித் தலைவர் கேப்டன் குந்திலொவிச் நினைவிலிருந்து பெயர்களைச் சொன்னார். ஐயா, நேற்று நம் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று நினைவிலிருந்து 28 பெயர் சொல்லிப் பாருங்கள். இவர் சொல்லவேண்டியிருந்தது பனியில் புதைந்துபோன பையன்களின் பெயர்களை.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

1947இல் ஹார்க்கிவில் ராணுவ வழக்குத்துறை ஓர் ஆளைக் கைதுசெய்தது. ஜெர்மானியரிடம் சரணடைந்து, அவர்கள் கீழே ஊர்க்காவல் போலீஸ் வேலை பார்த்தவன். பெயர் இவான் தொப்ரொபாபின். சோதித்தால் அவனிடம் ஒரு புத்தகம், 28 வீரர்களைப் பற்றி. அதில் இறந்துபோன மாவீரர் பட்டியலில் அவன் பெயர்! இங்கே சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் விசாரித்த அதிகாரிகள் சிரித்திருக்கமாட்டார்கள். தோண்டத் தோண்ட, இறந்ததாக எழுதிய வேறு சிலரும் உயிரோடு இருந்தார்கள்.

ரெஜிமெண்ட் தலைவர் கப்ரோவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். 28 பேர் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை என்றார். அத்தோடு நிறுத்தவில்லை. அன்று அங்கே நின்றது 4வது கம்பெனி முழுவதும், வீரமாகவே சண்டையிட்டார்கள், இறந்தது 28 பேர் அல்ல, நூற்றுக்கும் மேல் என்றார். எந்த நிருபரும் அப்போது தன்னிடம் வந்து கேட்கவில்லை என்றும் சொன்னார். க்ளொச்கோவ் நிஜமான மனிதர், அங்கேதான் இறந்தார். அவர் வாயில் வைத்த வசனம் மட்டும் தான் எழுதியது என்று கிரிவீட்ஸ்கி ஒப்புக்கொண்டார்.

பொய் வெளுத்தது என்று இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நூறு பேருக்கு மேல் செத்த இடத்தில் 28 பெயரை எழுதினார்கள். அதிலும் சிலர் சாகவே இல்லை. அப்படியானால் மிச்சப் பையன்கள் எங்கே? அல்மா அத்தாவில் ரயிலேறிய கசாக்கியப் பையன், இன்று பிஷ்கெக் என்கிற ஃப்ரூன்ஸேயில் தாயிடம் சொல்லிக்கொண்டு வந்த கிர்கிஸ் பையன். பத்திரிகை வீரத்தைக் கூட்டவில்லை, குறைத்துவிட்டது என்பேன்.

இந்த விசாரணை அறிக்கை 1948 மே மாதத் தேதியிட்டது. மேலிடத்துக்குப் போனது, பூட்டிவிட்டார்கள். துபொசேகவோவில் 1975இல் பிரம்மாண்டமான ஆறு சிலைகள் எழுந்தன. அறிக்கை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 2015இல்தான் ரஷ்ய அரசு ஆவணக்காப்பகம் முழு அறிக்கையையும் வெளியிட்டது. காப்பகத்தின் இயக்குநர் மிரோனென்கோ இது கட்டுக்கதை என்று வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு அவர் அந்தப் பதவியில் இல்லை.

நான் பார்ப்பது வேறொன்று. 67 வருடம் அந்தக் காகிதத்தை யாரும் எடைக்குப் போடவில்லை! பிடிக்காத காகிதம்தான். வெளியில் காட்டமாட்டோம் என்றார்கள், ஆனால் கிழிக்கவில்லை. கப்ரோவின் வாக்குமூலம் பிழைத்ததால்தான் 4வது கம்பெனி பிழைத்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவில் தமிழில் அச்சடித்து, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த புத்தகங்களை இங்கே பாதிப்பேர் படித்து வளர்ந்தவர்கள். கெட்டி அட்டை, தனி வாசனை, மலிவு விலை. சென்ற ஆண்டு ஒரு பழைய பேப்பர் கடையில் தராசுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மூட்டை. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு நூலகத்தின் முத்திரை. எந்த நூலகம் என்று சொல்லமாட்டேன். கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதிகள், நீலமையில். அந்தத் தேதிகளில் இரண்டு என்னுடையவை. நான் ஒன்பதாம் வகுப்பில் எடுத்தது. கடைக்காரத் தம்பி கிலோ கணக்கில் போட்டுக்கொடுத்தான். மீதியைக் கேட்டால், முந்தின லாரியில் போயிற்று என்றான்.

புத்தகமாவது வேறெங்காவது கிடைக்கும். அந்த மூட்டைக்கு அடியில் கையெழுத்துக் குறிப்பேடுகள் கிடந்தன. அந்தக் காலத்து உறுப்பினர் பதிவேடு. எந்தத் தெருவில் யார் என்ன படித்தார்கள் என்று வரிக்கு வரி. பாதி கரையான். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று பாட்டி கேட்டாள். எழுதின கடனையே எடைக்குப் போடுகிற காலத்தைப் பாட்டி பார்க்கவில்லை.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. ஐந்தாவது செய்தி, போருக்குப்பின் டிவிஷன் என்ன ஆனது என்பது, அடுத்த கூட்டத்தில். துணைத்தலைவர் எழுந்துவிட்டார், அவர் போவதற்கு முன் ஒரே ஒரு விண்ணப்பம். பழைய குறிப்பேடுகளுக்கு ஓர் அறையும் இரண்டு இரும்பு அலமாரியும் கேட்டு மனு தயாராக இருக்கிறது. வாசலில் காபி மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், பேனாவை நூலில் கட்டியிருக்கிறது. துணைத்தலைவர் முதல் கையெழுத்துப் போட்டால் நல்லது. வீட்டில் தாத்தாவின் கணக்கு நோட்டு, பாட்டியின் கடிதம் வைத்திருப்பவர்கள் மனுவின் பின்பக்கம் தெருப் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தம்பி, மைக்கைப் பிடி.