வீட்டு அம்மியும் கல்தானே, சேர்!

நடுவர் அவர்களே, இரு அணியினரே, கச்சான் கொறித்தபடி இருக்கும் உருத்திரபுரத்துச் சனமே, வணக்கம். இதற்கே அரை நிமிடம் போய்விட்டது.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ கதையைத் தூக்கி நிறுத்துவது பாத்திரமா, முரணா, குறியீடா? கல் என்ற குறியீடுதான். இராமனின் கால்தூசி பட்டு அகலிகை பெண்ணாகிறாள். அந்த இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்டபின் மறுபடியும் கல்லாகிறாள். முதல் கல் புருஷன் கொடுத்த சாபம். இரண்டாவது, என்னைக் கேட்டால், அவளே எடுத்த முடிவு. எங்கள் வாதம் அவ்வளவுதான்.

இனி எதிரணிச் சேர் விட்ட பகிடிக்கு வருவோம். “பாத்திரம் பேசும், முரண் மோதும், கல் என்ன செய்யும்? எங்கட வீட்டு அம்மியும் கல்தான், அதுவும் குறியீடோ?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள், காசா பணமா!

சேர், உங்கள் கலியாணத்தில் பெண்ணின் காலைப் பிடித்து எதன்மேல் வைத்தீர்கள்? கிரைண்டர் மேலா? அகலிகை மாதிரிக் கல்லாகிவிடாதே என்பதற்குத்தான் அம்மி மிதிப்பது என்று எங்கள் கிழவிகள் சொல்வார்கள். அகலிகையை மிதிக்க வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு, இன்றைக்கு அது வெறும் கல்லாம்! முன்வரிசையில் அக்கா முறைக்கிறார். சேருக்கு இன்றிரவு சோறு சந்தேகம்தான்.

சரி, எங்கள் வீட்டு அம்மியையும் கேளுங்கள். 2008 கடைசியில் யுத்தத்தால் இடம்பெயரும்போது லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் அம்மம்மா முதலில் ஏற்றுவித்தது அதைத்தான். நெல்மூட்டைக்கு முதல், சாமிப்படத்துக்கு முதல். மாமா இறக்கினார். அம்மம்மா ஏற்றுவித்தார். மாமா திரும்ப இறக்கினார். மூன்றாம் தரம் அம்மம்மா தானும் ஏறி அம்மிமேல் குந்திவிட்டார்: “இப்ப இறக்கடா பாப்பம், ரெண்டையும் சேர்த்து இறக்கு!” அப்புறம் பிள்ளைகளுக்குப் பெட்டியில் இடம் போதவில்லை. ஒன்றும் பேசாமல் எழும்பினார்.

2010இல் திரும்பி வந்தோம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை. அம்மப்பாவும் இல்லை. கிணற்றடிப் புல்லுக்குள் அம்மி கிடந்தது. அம்மம்மா தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவினார். அரைக்க ஒரு செத்தல் மிளகாய்கூட இல்லை. வலது காலைத் தூக்கி, அம்மப்பா அன்றைக்குப் பிடித்து வைத்த அதே காலை, ஈரக் கல்லின்மேல் வைத்தார். தடுமாறியது. மாமா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

மணி கேட்டுவிட்டது, நடுவர் அவர்களே. இறங்குகிறேன்.