ஒரே தொழிலாளி, மூன்று சங்கங்கள்: புளியந்தோப்பு 1921

[காட்சி: புளியந்தோப்பு நெடுஞ்சாலை, காலை நேரம்]

வணக்கம். தமிழில் தொழிலாளர் அமைப்புக்கும் சங்கம் என்றே பெயர், சாதி அமைப்புக்கும் சங்கம் என்றே பெயர். இரண்டும் ஒரே தொழிலாளியின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தபோது என்ன ஆனது என்பதற்கு, நான் நின்றுகொண்டிருக்கும் இந்தப் புளியந்தோப்பே சாட்சி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையர் ஆட்சியின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாதிகளை வரிசைப்படுத்தத் தொடங்கியதும், தங்கள் பெயரை மாற்றி எழுதுமாறு விண்ணப்பிப்பது பல சாதிச் சங்கங்களின் முதல் வேலையாயிற்று. 1916இல் தோன்றிய நீதிக்கட்சியின் தமிழ்ப் பெயரும் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம்தான். பிராமணரல்லாதார் அனைவரையும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவருவது அதன் நோக்கம்.

[காட்சி: பின்னி மில் இருந்த பகுதி]

இனி பெரம்பூருக்கு வருவோம். 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு. வி. க. அதில் முன்னின்றார். பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் சாதி இந்துக்களும் ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும் ஒன்றாக உழைத்தார்கள். 1921 வேலைநிறுத்தத்தில்தான் அந்த ஒற்றுமை உடைந்தது. நீதிக்கட்சியில் இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜாவின் அறிவுரையை ஏற்று ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம் மூண்டு அவர்களின் குடிசைகள் எரிந்தன.

அவர்களைக் கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதக்கணக்கில் கூலியின்றித் தாக்குப்பிடிக்கக் கையிருப்போ நிலமோ வேண்டும். இரண்டும் இல்லாதவர்களிடம், தெருவில் தங்களை விலக்கி வைத்தவர்களே ஆலை வாசலில் மட்டும் தோழமையைக் கேட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரோ, அரசு ஆதிதிராவிடர்களுக்கு அளவுமீறிச் சலுகை காட்டுவதாகக் குற்றம் சாட்டினார். இன்றும் பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இயங்குகிறது. வட சென்னைக்கு அவர் செய்ததை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்தக் கோடையில் அவர் எடுத்த நிலை என்னை வருத்துகிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்: ஆலைப் போராட்டம் நடந்த அதே 1921இல் அரசு ‘சாணார்’ என்பதைக் கைவிட்டு ‘நாடார்’ என்ற பெயரை ஏற்றது, 1922இல், ராஜா சட்டமன்றத்தில் எழுப்பிய கோரிக்கையின்படி, ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்பவற்றுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசு ஏடுகளில் ஏறியது. குடிசை எரிந்தவர்களுக்கு அடுத்த ஆண்டே கிடைத்தது ஒரு பெயர். 1923இல் ராஜா நீதிக்கட்சியை விட்டு விலகினார்.

சாதிச் சங்கம் நேரடியாகக் கட்சியாவதை 1952 தேர்தல் காட்டியது: வன்னியர்களின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்று அமைச்சரவைக்குள் நுழைந்தன. அதைத் தனிக் காணொளியாகத் தருகிறேன்.

உங்கள் வீட்டில் யாரேனும் பின்னி மில்லில் வேலை பார்த்திருந்தால், 1921ஐப் பற்றிப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். புளியந்தோப்புக் குடும்பங்களின் நினைவுகளை முதலில் படிப்பேன்.