ஆசிரியர்களின் ஜப்பான் பயணமும் அங்குள்ள பள்ளிக்கூடமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஜப்பானியப் பண்பாட்டைக் கற்றுவருவதற்காகப் பள்ளி ஆசிரியர்கள் அந்நாட்டுக்கு மேற்கொள்ளும் கல்விப் பயணங்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சித் துறையில் இருப்பதால், இத்தகைய பயணங்கள் எவ்வாறு திட்டமிடப்படுகின்றன, சென்று திரும்பியவர்கள் தங்கள் வகுப்பறையில் என்ன செய்தார்கள் என்பவற்றைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அந்தப் படிப்பிலிருந்து எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. கியோட்டோவின் கோயில்களுக்கும் தேநீர்ச் சடங்குக்கும் ஒதுக்கப்படும் மணிநேரங்களைக் காட்டிலும், பெயர் தெரியாத ஒரு சிறு நகரத்தின் அரசுப் பள்ளியில் காலை முதல் மாலை வரை இருந்து பார்க்கும் ஒரு நாளே ஓர் ஆசிரியருக்கு அந்நாட்டுப் பண்பாட்டை ஆழமாகக் கற்பிக்கிறது. பயணத்தை அமைப்பவர்கள் இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இவ்வகைப் பயணங்களில் மிகப் பெரியதாக நான் கருதுவது, 1997ஆம் ஆண்டு தொடங்கி 2008 வரை நடைபெற்ற ஜப்பான் ஃபுல்பிரைட் நினைவு நிதியின் ஆசிரியர் திட்டம். அதன் பின்னணியைச் சற்றே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், வெளிநாடுகளில் தேங்கிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு மாணவர்களையும் அறிஞர்களையும் நாடுகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளலாம் என்று செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் முன்மொழிந்தார். அது 1946இல் சட்டமாயிற்று. ஆறே ஆண்டுகளில், அதாவது 1952இல், நேற்றுவரை எதிரி நாடாக இருந்த ஜப்பானிலும் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியர் பலர் அதன் வழியே அமெரிக்காவில் படித்துத் திரும்பினர். 1946இல் தொடங்கிய ஃபுல்பிரைட் திட்டத்தின் பொன்விழாவையொட்டி, நன்றி செலுத்தும் வகையில் ஜப்பானிய அரசு தன் செலவிலேயே அமெரிக்காவின் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை அழைக்கத் தீர்மானித்தது. 50 மாநிலங்களிலிருந்தும் தேர்வு செய்யப்பட்ட ஆசிரியர்கள் ஏறத்தாழ 3 வாரம் விருந்தினராகத் தங்கினார்கள். திட்டம் நிறைவடைவதற்குள் 6,000க்கும் மேற்பட்டோர் சென்று வந்துவிட்டனர். நன்றி சொல்ல விரும்பிய ஓர் அரசு, பேராசிரியர்களையோ தொழிலதிபர்களையோ அழைக்காமல் பள்ளி ஆசிரியர்களைத் தேடி அழைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தப் பயணம் அமைக்கப்பட்ட முறை இன்றும் பின்பற்றத் தக்கது. முதல் சில நாள்கள் தோக்கியோவில் கல்வி, அரசியல், பொருளாதாரம் பற்றிய விரிவுரைகள் நடைபெறும். பிறகு, ஏறத்தாழ 20 பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் நாட்டின் ஒவ்வொரு மூலையிலுள்ள ஒரு நகரத்துக்குச் செல்லும். அங்கே நகர மேயரைச் சந்திப்பார்கள். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி ஆகியவற்றில் வகுப்புகளைப் பார்ப்பார்கள். உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் தங்குவார்கள். ஊர் திரும்பியபின் தம் பள்ளியில் என்ன கற்பிக்கப்போகிறோம் என்பதற்கான திட்டத்தை ஒவ்வொருவரும் எழுதி நிறைவேற்ற வேண்டும். நினைவு நிதித் திட்டம் முடிந்தபின், வளங்குன்றா வளர்ச்சிக்கான கல்வி என்ற பொருளில் அமைந்த அடுத்த திட்டத்தில், ஜப்பானிய ஆசிரியர்களும் அமெரிக்கப் பள்ளிகளைப் பார்க்க வந்தார்கள். இரு தரப்பினரும் ஒருவர் வகுப்பறைக்குள் மற்றவர் நுழைந்து பார்ப்பதே முறையான ஏற்பாடு என்பேன்.

பயணத்துக்கு முன்பான படிப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1998இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில கூடி உருவாக்கிய, ஆசியாவைக் கற்பிப்பதற்கான தேசியக் கூட்டமைப்பு, ஃப்ரீமேன் அறக்கட்டளையின் நிதியோடு ஆசிரியர்களுக்கு 30 மணிநேரக் கருத்தரங்குகளை நடத்துகிறது. அவற்றை முடித்தவர்களுக்கே கிழக்கு ஆசியப் பயண வாய்ப்பு. படித்துவிட்டுப் போகிறவரின் கண் வேறு. படிக்காமல் போகிறவரின் கண் வேறு. பின்னவர் எடுத்துவருபவை பெரும்பாலும் நிழற்படங்களாகவே இருக்கும்.

சரி, பள்ளிக்குள் என்னதான் இருக்கிறது? நுழைவாயிலில் வரிசையாகக் காலணி மாடங்கள் இருக்கின்றன. தெருவில் அணிந்து வந்ததைக் கழற்றி வைத்து, உள்ளே மட்டும் அணியும் காலணியை மாட்டிக்கொண்டே எந்தக் குழந்தையும் வகுப்புக்குச் செல்கிறது. விருந்தினருக்கும் அதே விதிதான். அன்றைய முறைக்குரிய மாணவர் முன்னே வந்து காலைக் கூட்டத்தை நடத்துகிறார். நண்பகலில், வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த பிள்ளைகள் உணவுப் பாத்திரங்களைத் தாங்களே வகுப்பறைக்குக் கொண்டுவந்து சக மாணவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். வகுப்பாசிரியரும் அதே உணவை அவர்களோடு அமர்ந்து உண்கிறார். 1889இல் யாமாகாட்டா மாகாணத்தின் ட்சுருஓகாவில், பௌத்தத் துறவிகள் நடத்திய பள்ளியொன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்ததே அந்நாட்டுப் பள்ளி உணவின் தொடக்கம் என்று கொள்கிறார்கள். 1954இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2005 முதல் உணவையே ஒரு பாடமாகக் கற்பிக்கும் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடமும் உண்டு. பசியைத் தீர்க்கத் தொடங்கிய ஏற்பாடு, உழவர், சமைப்பவர், பரிமாறுபவர் என்று எல்லாரையும் குழந்தைக்கு நினைவூட்டும் வகுப்பாக வளர்ந்திருக்கிறது. சத்துணவு வரலாற்றை அறிந்த நம் ஆசிரியர்களுக்கு இதில் வியப்பைவிட உறவுணர்வே மிகுதியாகத் தோன்றும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானுக்குச் சென்றவர்கள் தவறாமல் கொண்டுவரும் செய்தி, பிள்ளைகளே பள்ளியைத் தூய்மை செய்கிறார்கள் என்பது. இதைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. தூய்மைப் பணி அங்கே தனியாக நிற்கவில்லை. வகுப்புக் கூட்டம், பொறுப்புப் பங்கீடு, விழாக்கள், மன்றங்கள் ஆகியவற்றோடு சேர்த்து, பாடங்களுக்கு வெளியே அமைந்த சிறப்புச் செயல்பாடுகள் என்ற பெயரில் அது தேசியப் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதைப் பிள்ளைகள் கூடிப் பேசுகிறார்கள்; எல்லாருக்கும் எல்லா வேலையும் முறைவைத்து வருகிறது. இந்த அடித்தளத்தைப் பார்க்காமல் துடைப்பத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்து, யாரைக் கூட்டச் சொல்வது என்பதிலேயே சாதி ஒளிந்திருக்கும் நம் சூழலில் அதை அப்படியே நடத்தினால், கற்றுவந்த பண்பாட்டுக்கு நேர் எதிரானது விளையும். கல்விப் பயணம் செல்லும் குழுவினர், வகுப்புக் கூட்டம் ஒன்றை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பெற வேண்டும்.

மரபுக் கலைகளையும் பள்ளிக்குள்ளேயே காணலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து தூரிகையால் எழுதும் பயிற்சி தொடங்குகிறது. அதே வகுப்பில் மணிச்சட்டமும் கணிதப் பாடத்தில் வருகிறது. 2002 முதல் நடுநிலைப் பள்ளி இசை வகுப்பில் கோட்டோ, ஷாமிசென் போன்ற நாட்டு இசைக் கருவிகளில் ஒன்றையாவது கற்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் ஒரு மணிநேரப் பயிற்சியைவிட, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தடுமாறித் தடுமாறிக் கோட்டோவை மீட்டும் வகுப்பில் உட்கார்ந்திருப்பது ஆசிரியருக்கு ஏற்றது. மரபு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

கியோட்டோவுக்குச் செல்லவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அங்கேயும் பள்ளிகளைத் தேடிப் போகலாம் என்பதே என் கருத்து. நாடு முழுமைக்குமான கல்விச் சட்டம் 1872இல் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1869இல், கியோட்டோவின் நகர்ப்புற மக்கள் தத்தம் குடியிருப்பு வட்டங்களுக்கென 64 தொடக்கப் பள்ளிகளை நிறுவினார்கள். தலைநகரம் தோக்கியோவுக்கு மாறிப்போய், நகரமே மங்கிவிடுமோ என்ற அச்சம் சூழ்ந்திருந்த காலம் அது. பிள்ளை இருக்கும் வீடு, இல்லாத வீடு என்ற வேறுபாடின்றி, அடுப்பு எரியும் ஒவ்வொரு வீடும் பள்ளிக்கெனப் பணம் கொடுத்தது. அந்தப் பள்ளிகளின் வரலாற்றுக்கென்றே பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகம் இயங்குகிறது. இன்று உலகெங்குமிருந்து இளைஞர்கள் வந்து குவியும், மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளுக்கான அருங்காட்சியகமும் அப்படிப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளியின் கட்டடமே. பொற்கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆசிரியர் குழு இந்தக் கட்டடங்களின் முன்னே அரை நாள் நின்றால், ஜப்பானியச் சமூகம் பள்ளியைத் தன் சொத்தாகக் கருதுவதன் வேர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

பாட ஆய்வு என்று அங்குள்ள ஆசிரியர்கள் நடத்துவதும் ஒரு பண்பாடுதான். ஓர் ஆசிரியர் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் சுற்றி நின்று, எந்தக் குழந்தை எந்த இடத்தில் தயங்கியது, எப்படி யோசித்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். பாடம் முடிந்ததும் கூடி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். கரும்பலகையில் எழுதியதைப் பாடவேளை முடியும்வரை அழிப்பதில்லை. வினாவும், பிள்ளைகள் கண்ட வழிகளும், அவர்கள் வந்தடைந்த முடிவும் ஒரே பார்வையில் தெரியும்படி பலகை நிறைகிறது. 1995இல் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளைப் படம்பிடித்து ஒப்பிட்ட, டிம்ஸ் என்னும் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் காணொளி ஆய்வுக்குப் பிறகே இந்த முறையை வெளியுலகம் கவனித்தது. மொழி தெரியாத விருந்தினர்கூட இப்படியொரு வகுப்பில் ஏராளமாகக் கற்கலாம்.

ஆயினும் விருந்தினர் வரும் நாளில் எந்தப் பள்ளியும் தன் நல்ல முகத்தையே காட்டும். அதனால் மறுபக்கத்தையும் பயணத்தின் பகுதியாகச் சேர்த்தாக வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2018இல் நடத்திய ஆய்வின்படி ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணிநேரம் உழைக்கிறார். கலந்துகொண்ட நாடுகளில் இதுவே மிக அதிகம். 2023ஆம் கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு நீண்ட நாள் வராதிருந்த பிள்ளைகளாகக் கணக்கிடப்பட்டவர்கள் 3,46,000க்கும் மேல். பள்ளியில் நடக்கும் கொடுமைப்படுத்தலைத் தடுக்க 2013இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. எல்லாரும் ஒன்றாகச் செய்வதில் இருக்கும் அழகு, ஒன்ற முடியாத குழந்தைக்கு எவ்வளவு பெரிய சுமையாகிறது என்பதை அங்குள்ள ஆசிரியர்களே வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அவர்களோடு மாலையில் ஒரு மணிநேரம் பேச வாய்ப்பில்லாத பயணத் திட்டம் குறையுடையது.

மியாகி மாகாணத்தின் இஷினோமாகி நகரிலுள்ள ஒகாவா தொடக்கப் பள்ளியை ஆசிரியர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்பேன். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்துக்குப் பின், கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பள்ளியின் பிள்ளைகள் ஏறத்தாழ 50 நிமிடம் திடலிலேயே நிறுத்திவைக்கப்பட்டார்கள். பள்ளியின் பின்புறம் குன்று இருந்தது. ஆழிப்பேரலையில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் பலியானார்கள். பெற்றோர் தொடுத்த வழக்கில், பேரிடருக்கு முன்பே பள்ளியும் கல்வி வாரியமும் செய்திருக்க வேண்டிய ஆயத்தங்களைச் செய்யவில்லை என்ற தீர்ப்பு 2019இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. சிதைந்த கட்டடம் இப்போது நினைவிடம். பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலரே வருகிறவர்களுக்கு அந்த இடத்தை விளக்குகிறார்கள். அவர்களுள் ஆசிரியராகப் பணியாற்றியவரும் உண்டு. இன்னொரு பக்கம், இவாத்தே மாகாணத்தின் காமாயிஷியில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றிருந்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிச் சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். இந்த இரண்டு இடங்களையும் பார்த்த ஆசிரியர், பொறுப்பு, கீழ்ப்படிதல், ஒழுங்கு என்று ஜப்பானைப் பற்றி நாம் எளிதாகப் பயன்படுத்தும் சொற்களை இனி எடைபோட்டே பயன்படுத்துவார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை அறிந்த நம் கடற்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இது வேற்று நாட்டுக் கதையாக இராது.

நம் ஆசிரியர்களுக்கு வழி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் வழங்கும் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகை, 35 வயதுக்கு உட்பட்ட, ஐந்தாண்டுப் பணியனுபவமுள்ள பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி நிறுவன ஆசிரியர்களுக்கும் உரியது. தொடக்கத்தில் மொழிப் பயிற்சியும் அதன்பின் ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆய்வுமாக ஒன்றரை ஆண்டு அங்கே இருக்கலாம். அறிவிப்பை ஜப்பானியத் தூதரகம் வெளியிடுகிறது. இந்திய ஆசிரியர்களும் இலங்கை ஆசிரியர்களும் தத்தம் நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். குறுகிய காலப் பயணங்களைப் பொறுத்தவரை, யுனெஸ்கோவுக்கான ஆசிய பசிபிக் பண்பாட்டு மையம் பிற நாட்டு ஆசிரியர்களை அழைத்த திட்டங்களில் இந்தியாவும் இடம்பெற்றிருக்கிறது.

பள்ளி நிர்வாகங்களோ கல்வித் துறையோ தாமே குழுக்களை அனுப்ப முன்வந்தால், காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மே மாதத் தொடக்கத்து விடுமுறைகள் முடிந்தபின் பள்ளிகள் முழுவீச்சில் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் அப்போது கோடை விடுமுறை. எனவே மே மாத நடுவில் செல்லும் ஆசிரியர், தம் மாணவர்களின் ஒரு பாடவேளையையும் இழக்காமல் அங்கே நடைபெறும் வகுப்புகளைப் பார்க்கலாம். பல பள்ளிகளில் விளையாட்டு விழாவுக்கான ஆயத்தங்களும் அந்த வாரங்களில் நடக்கும். பத்து நாள் பயணமென்றால் ஐந்து நாளையாவது ஒரே ஊரில், ஒரே பள்ளியில் கழிக்கும்படி திட்டமிடுமாறு அமைப்பாளர்களை வேண்டுகிறேன். அந்தப் பள்ளியோடு முன்கூட்டியே கடிதத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, எந்த வகுப்புகளைப் பார்க்க விரும்புகிறோம் என்பதை எழுதித் தெரிவித்துவிட வேண்டும். உள்ளே அணிவதற்கான காலணி ஒன்றையும் ஒவ்வொருவரும் பையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், செவிமடுத்த நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.