நேசமணிக்கு ஓர் அலமாரி

(நூலக வார விழாவையொட்டிக் காரைக்குடியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மகள் திருமணத்துக்கு அழைப்பிதழ் கொடுக்கும் அலைச்சலுக்கு நடுவிலும் வந்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கிச் செலவை ஏற்றுக்கொண்ட அரிசி ஆலை அதிபர் அவர்களே, வரவேற்புரையில் என் வயதை அவைக்கு அறிவித்த நூலகர் அவர்களே, பின்வரிசையில் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் கல்லூரி மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். மாணவர்களைக் குறை சொல்லவில்லை. இன்றைய பேச்சே அவர்கள் கையில் இருப்பதைப் பற்றியதுதான். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லிவருகிறேன். இன்றும் பொன்னாடைதான். பரவாயில்லை, நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இணைய மீம்கள்: தோற்றமும் ஆய்வும்'. நான்கு செய்திகளைச் சொல்வதாக இருக்கிறேன். மீம் எங்கே பிறந்தது, அதை யார் ஆராய்கிறார்கள், அதன் உரிமை யாருக்கு, தேர்தலில் அதன் வேலை என்ன. அதற்குமுன், என்னை அறிந்தவர்கள் எதிர்பார்க்கும் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். எந்த மேடையிலும் இதைத்தான் சொல்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வதுண்டு. இன்று அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் தம் நூலின் கடைசி அத்தியாயத்தில் ஒரு கருத்தை வைத்தார். மெட்டு, வாய்ச்சொல், உடுத்தும் பாணி, பானை வனையும் முறை, வளைவு கட்டும் முறை எல்லாம் ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்குத் தாவிப் பெருகுகின்றன என்றார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மீம். 1994இல் மைக் காட்வின் என்ற வழக்கறிஞர் அதை இணையப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். 1996இல் ஆடும் குழந்தை ஒன்றின் அசைபடம் மின்னஞ்சல் வழியாக உலகைச் சுற்றியது. இவையெல்லாம் விக்கிப்பீடியாவில் கிடைக்கும். நூலகத்துக்கு வந்தவர்களிடம் அதையே ஒப்பிக்க எனக்கு மனமில்லை.

விக்கிப்பீடியாவைவிட எனக்குப் பிடித்த கதை வேறு. 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினி வழி அறிவிப்புப் பலகையில், பேராசிரியர்கள் ஒரு புதிரை அலசிக்கொண்டிருந்தார்கள். அறுந்து விழும் லிஃப்டுக்குள் எரியும் மெழுகுவர்த்தியும் ஒரு துளி பாதரசமும் இருந்தால் என்ன ஆகும்? குறும்புக்காரர் ஒருவர், இயற்பியல் சோதனையால் கட்டடத்தின் இடதுகோடி லிஃப்டில் பாதரசம் படிந்துவிட்டது என்று எச்சரிக்கை எழுதிவிட்டார். சிலர் அதை நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். விளையாட்டாக எழுதியதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று விவாதம் எழுந்தது. செப்டம்பர் 19 அன்று அங்கிருந்த கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன், ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு, ஓர் அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுக்கிப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். சிரித்த முகம் தெரிந்தது. அது ஊர் ஊராகப் பரவியது. ஆனால் அந்த முதல் செய்தியை யாரும் எடுத்துவைக்கவில்லை! 2002இல்தான் சிலர் மெனக்கெட்டுப் பழைய காப்பு நாடாக்களைத் தேடி அதை மீட்டார்கள். நாடாக்கள் தப்பியது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி வரலாறு எழுத முடியுமா?

இப்போது நம் ஊர்க் கதை. இதைச் சொல்லாமல் இறங்கினால் மாணவர்கள் என்னை விடமாட்டார்கள்.

2019 மே மாதக் கடைசி. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து, 30ஆம் தேதி புதிய அமைச்சரவை பதவியேற்க இருந்தது. தொலைக்காட்சியில் வேறு பேச்சே இல்லை. அந்த நேரத்தில் கட்டுமானப் பொறியியல் பற்றிய ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. சாதாரணக் கேள்வி. தமிழர் ஒருவர் பதில் எழுதினார்: இதன் பெயர் சுத்தியல், எதன்மீது அடித்தாலும் 'டங் டங்' என்று ஓசை வரும், ஜமீன் அரண்மனையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை அவருடைய அண்ணன் மகன் இதனால்தான் உடைத்துவிட்டான், பாவம். (அவையில் சிரிப்பு.) பாருங்கள், நான் படத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை, அதற்குள் சிரித்துவிட்டீர்கள். 2001இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. பதிலைப் பார்த்த இன்னொரு நண்பர் முகத்தை இறுக்கிக்கொண்டு, இப்போது அவர் நலமாக இருக்கிறாரா என்று விசாரித்தார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் ஏறியது. மருத்துவமனை அறிக்கைகள், தலையில் கட்டுப் போட்ட படங்கள், சுத்தியலைக் கைது செய்யக் கோரும் முழக்கங்கள் என்று ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். யார் இந்த நேசமணி, என்ன விபத்து என்று வடநாட்டவர் விழித்தார்கள். ஆங்கில நாளேடுகள் விளக்கக் கட்டுரை எழுதின. பதவியேற்பு ஆரவாரத்துக்கு நடுவில், பதினெட்டு ஆண்டுப் பழைய நகைச்சுவைக் காட்சி ஒன்று உலக அளவில் டிரெண்ட் ஆனது. எங்கள் தெருவில் பால் ஊற்ற வருகிறவர்கூட, அய்யா, நேசமணி பிழைத்துவிட்டாரா என்று என்னிடம் கேட்டார். தேறிவருகிறார் என்றேன்.

இங்கேதான் ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் லிமோர் ஷிஃப்மன் இத்துறையில் முன்னோடி. மாறாமல் அப்படியே பரவுவது வேறு, ஆளுக்கு ஆள் மாற்றிச் செய்து பரப்புவது வேறு, பின்னதுதான் மீம் என்று பிரித்துக் காட்டியவர் அவர். 2012இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மக்கள் போலச்செய்யத் தூண்டும் யூடியூப் காணொளிகளில் ஆறு கூறுகளைக் கண்டது: சாதாரண மனிதர், தடுமாறும் ஆண்மை, நகைச்சுவை, எளிமை, திரும்பத் திரும்ப வருதல், விசித்திரம். வடிவேலுவைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்! வீராப்பாகக் கிளம்பி அடிவாங்கித் திரும்பும் அந்த மனிதரைத் தமிழ் மீம்கள் ஏன் இவ்வளவு சுற்றி வருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. நம் பல்கலைக்கழகங்களில் இதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் பெருகவேண்டும்.

ஆனால் எதை வைத்து ஆராய்வார்கள்? யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடினார்கள். தன்னார்வலர்கள் இரவு பகலாக நகலெடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. தமிழ் வலைப்பதிவர்கள் பலர் அரட்டை அடித்த கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தது. தடை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. களை எடுத்த கையோடு வரப்பில் நின்று பாடிய பெண்களும், ஆட்டோ ஸ்டாண்டில் நடித்த ஓட்டுநர்களும் எடுத்த காணொளிகள் இன்று எங்கே? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றால் நாம் காற்று நின்றபிறகு முறத்தைத் தேடுகிறோம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையம் 2014இல் இணையப் பண்பாட்டைச் சேகரிக்கத் தொடங்கி, 2017இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. நாட்டார் வழக்காறு என்றே அவர்கள் மீமை வகைப்படுத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் திருமண அழைப்பிதழையும் சேர்த்துவைத்தார். குப்பை என்று அன்று பலரும் நினைத்திருப்பார்கள். இன்று சென்னையில் அவர் பெயரால் நிற்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு உலகெங்குமிருந்து அறிஞர்கள் வருகிறார்கள். செட்டிநாட்டு மண் இதை யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் தமிழ் மீம் காப்பகம் ஒன்று வேண்டும். ஒரு கணினி, இரண்டு வன்தட்டுகள், ஒரு பகுதிநேரப் பணியாளர் போதும். படத்தை மட்டும் சேமித்தால் பயனில்லை. எந்தக் காட்சி, எந்த நாள் கிடைத்தது, எந்தச் செய்தியைக் கிண்டல் செய்தது என்று கூடவே குறிப்பு எழுதவேண்டும். குறிப்பு இல்லாமல் ஒரு சுத்தியல் படத்தை ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்கிறவன் அதைத் தச்சுக் கையேடு என்றுதான் நினைப்பான். இந்த மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது, இதற்கெல்லாம் செலவுத் தலைப்பே கிடையாது என்று சிரித்தார்கள். தலைப்பை உருவாக்குங்கள் என்றேன். இன்னும் சிரித்தார்கள். மாவட்ட நூலக அலுவலர் இங்கேயே இருக்கிறார், தலையசைத்ததை நான் பார்த்தேன். அவையும் பார்த்தது.

உரிமை பற்றியும் தேர்தல் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் இரண்டாவது சீட்டை நீட்டிவிட்டார். அவற்றை அடுத்த ஆண்டு பேசுகிறேன், அழைத்தால். அதற்குள் காப்பகம் வந்துவிட்டால் சான்றுகளோடு பேசலாம். காற்றுள்ளபோதே என்று தொடங்கினால் நூலகரே மீதியைச் சொல்லிவிடுவார்.

கோரிக்கை மனு வாசல் மேசையில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். மாணவர்கள் ஆளுக்கு ஐந்து மீம்களைக் குறிப்போடு நூலகரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், நாகரிகமானவையாகப் பார்த்து. பேனா இல்லாதவர்களுக்கு என் பேனாவை மேசையில் வைக்கிறேன். திருப்பி வைத்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.