வோல்டேஜும் கரண்ட்டும் தெரிந்தால் ஓம், வாட் இரண்டும் கையில்

வணக்கம் நண்பர்களே. முதலில் மேஜையில் இருப்பதைக் காட்டிவிடுகிறேன். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பவர் சப்ளை, இரண்டு மல்டிமீட்டர், 10 ஓம் 25 வாட் ரெசிஸ்டர் ஒன்று, 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று. கூடவே பொடியாக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். அதைக் கடைசியில் எடுக்கிறேன்.

கணக்கு இரண்டே வரிதான். வோல்டேஜைக் கரண்ட்டால் வகுத்தால் மின்தடை, ஓமில் வரும். இரண்டையும் பெருக்கினால் பவர், வாட்டில் வரும். பள்ளியில் எல்லோரும் படித்தது. ஆனால் வகுத்து வருகிற அந்த ஓம், பொருள் எந்த நிலையில் இருக்கும்போது உள்ள ஓம் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. இன்றைக்கு அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

மீட்டர் மாட்டுவதைக் கவனியுங்கள். வோல்ட் பார்க்கும் மீட்டர் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, அதாவது பேரலலில். ஆம்பியர் பார்க்கும் மீட்டர் சீரீஸில், கரண்ட் அதற்குள் புகுந்து போகிற மாதிரி. சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டையில். அந்த நிலையில் மீட்டரின் சொந்த மின்தடை மிக மிகக் குறைவு. அதைக் கொண்டுபோய் சப்ளைக்கு நேர் குறுக்கே வைத்தால் ஷார்ட் சர்க்யூட்தான். அளந்து முடித்ததும் சிவப்பு வயரை உடனே வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, 10 ஓம் ரெசிஸ்டர். சப்ளையை 12 வோல்ட்டில் வைக்கிறேன். கரண்ட் 1.2 ஆம்பியர். வகுத்தால் 10 ஓம், பெருக்கினால் 14.4 வாட். இப்போது 6 வோல்ட்டுக்கு இறக்குகிறேன். 0.6 ஆம்பியர். ஓம் அதே 10. பவர் மட்டும் 3.6 வாட். வோல்டேஜ் பாதியானது, பவர் கால்வாசி ஆகிவிட்டது. வோல்டேஜ் பாதியாகும்போது கரண்ட்டும் கூடவே பாதியாகிறது, பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். இதைப் புரிந்துகொண்டால் வோல்டேஜின் வர்க்கம், கரண்ட்டின் வர்க்கம் என்று வரும் சூத்திரங்களைத் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

அடுத்து பல்பு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. எரியவிடாமல் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளக்கிறேன். 0.7 ஓம். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 12 வோல்ட்டில் சுமார் 17 ஆம்பியர், 200 வாட்டுக்கு மேல் வரும். ஆனால் இது 21 வாட் பல்பு! எரியவிட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 1.75 ஆம்பியர். பெருக்கினால் சரியாக 21 வாட். வகுத்தால் 6.86 ஓம். குளிர்ந்திருந்தபோது இருந்ததைப்போல ஏறக்குறைய 10 மடங்கு.

மீட்டர் பொய் சொல்லவில்லை, இரண்டு அளவுமே சரிதான். உள்ளே இருப்பது டங்ஸ்டன் இழை. எரியும்போது அதன் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். உலோகம் சூடாகச் சூடாக மின்தடை ஏறும். அதனால்தான் ஸ்விட்ச் போட்ட அந்த நொடியில் கரண்ட் திபுதிபுவென்று பாய்கிறது. பழைய இழை பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃப்யூஸ் போனதற்கும் இது ஒரு காரணம்.

இன்னொன்றும் பாருங்கள். பல்பை 6 வோல்ட்டில் விடுகிறேன். கரண்ட் பாதியாகி 0.875 ஆம்பியர் வர வேண்டும் அல்லவா? வந்திருப்பது 1.2. வகுத்தால் 5 ஓம். வெளிச்சம் மங்கல், இழையில் சூடு குறைவு, அதனால் மின்தடையும் இறங்கிவிட்டது.

ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் ஓம் 1820களில் இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்கும்போது அவருக்கும் நிலையான சூழல் தேவைப்பட்டது. அன்றைய பேட்டரிகளின் வோல்டேஜ் அலைபாய்ந்துகொண்டே இருந்தது. அதனால் பிஸ்மத், செம்பு என்ற இரண்டு உலோகங்களை இரண்டு இடங்களில் இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் கிடைத்த சீரான மின்சாரத்தைப் பயன்படுத்தினார். 1827இல் புத்தகமாக வெளியிட்டார். வெப்பநிலை மாறாதவரை வோல்டேஜும் கரண்ட்டும் ஒரே விகிதத்தில் போகும் என்பதுதான் விதி. அந்த 'மாறாதவரை' முக்கியம்.

ஹீட்டர் காயிலில் இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. பெரும்பாலும் நைக்ரோம் கம்பி, சூட்டில் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். 230 வோல்ட் 1500 வாட் என்று போட்டிருந்தால் வாட்டை வோல்ட்டால் வகுங்கள், 6.5 ஆம்பியர். 230ஐ அதால் வகுத்தால் 35 ஓம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஓம் பார்த்தாலே கிட்டத்தட்ட அந்த எண் வரும். மெயின் சப்ளையில் மீட்டரைச் சீரீஸில் போட்டு அளக்க மட்டும் முயல வேண்டாம். உயிருக்கு ஆபத்து.

இப்போது அந்தப் பொடி ரெசிஸ்டர். 100 ஓம், தாங்குவது கால் வாட். 5 வோல்ட்டில் 0.05 ஆம்பியர், 0.25 வாட். அதன் எல்லையிலேயே நிற்கிறது. 12 வோல்ட் கொடுக்கிறேன், கேமராவைப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். மீட்டரில் 120 மில்லி ஆம்பியர். கணக்கில் அதை 0.12 ஆக மாற்றிப் போடுங்கள், 120 என்றே போட்டால் எல்லாமே ஆயிரம் மடங்கு தவறிவிடும். பவர் 1.44 வாட், தாங்குவதைப்போலக் கிட்டத்தட்ட 6 மடங்கு. பாருங்கள், பழுப்புக் கோடு கறுத்துவிட்டது, பெயின்ட் கொப்பளிக்கிறது, இதோ புகை. ஓம் சரியாக இருந்தும் வாட் பார்க்காமல் வாங்கினால் இதுதான் நடக்கும். கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்கு வாட் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃபேன், மோட்டார் மாதிரி ஏசியில், அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் பொருள்களுக்கு வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வோல்ட் ஆம்பியர், வாட் அதைவிடக் குறைவாக இருக்கும். பவர் ஃபேக்டர் என்ற ஒன்று நடுவில் வருகிறது. அடுத்த வீடியோவில் வாட் மீட்டர் வைத்தே அதை அளந்து காட்டுகிறேன்.