ப்ரிஜிட்: ஒரு பேரு பட்ட பாடு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு பேரைப் பத்திதான் பேசப்போறேன், அயர்லாந்துல பொண்ணுங்களுக்கு வைக்கிற ப்ரிஜிட். இப்ப ஐரிஷ்ல ப்ரீட்னு சுருக்கி எழுதுறாங்க. 'உயர்ந்தவள்'னு அர்த்தம், சமஸ்கிருதத்துல பிருஹதின்னு வருதே, அதுக்கும் இதுக்கும் ஒரே வேர்.

முதல்ல இது சாமி பேரு. கோர்மக் பேர்ல ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஐரிஷ் சொல்லகராதி ஒண்ணு இருக்கு, அதுல இவ கவிஞர்கள் கும்பிட்ட தெய்வம், இவளுக்கு இதே பேர்ல கூடப்பொறந்தவங்க ரெண்டு பேரு, ஒருத்தி வைத்தியத்துக்கு ஒருத்தி கொல்லுவேலைக்குன்னு போட்டிருக்கு. அப்புறம் அதே பேரோட, அயர்லாந்துல கில்டேர்ங்கற ஊர்ல கிறிஸ்தவ மடம் வச்ச புனித ப்ரிஜிட் வர்றாங்க. அந்த மடத்துல அணையாத நெருப்பு ஒண்ணு எரிஞ்சுதாம். 12ம் நூற்றாண்டு கடைசியில வேல்ஸ்காரர் ஜெரால்ட் எழுதி வச்சிருக்காரு: 19 கன்னியாஸ்திரிங்க ராத்திரிக்கு ஒருத்தரா காவல் இருப்பாங்க, 20வது ராத்திரி விறகைப் பக்கத்துல அடுக்கிவச்சு "ப்ரிஜிட், இது உன் முறை, உன் நெருப்பை நீ பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, காலையில வந்து பாத்தா விறகு எரிஞ்சிருக்கும், நெருப்பும் அணையாம இருக்கும். எனக்கு இதைப் படிக்கிறப்ப எல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

அவ்வளவு பயபக்தி, அந்தப் பேரை அப்படியே பிள்ளைக்கு வைக்கக்கூட ரொம்ப காலம் தயங்கியிருக்காங்க. கில்ல ப்ரீடன்னு வச்சாங்க, ப்ரிஜிட்டோட தாசன்னு அர்த்தம். மெக்ப்ரைட்ங்கற குடும்பப் பேரு அதுலேர்ந்து வந்ததுதான்.

இப்படிப்பட்ட பேரை அமெரிக்காவுல என்ன பண்ணாங்க தெரியுமா? 1845ல தொடங்குன உருளைக்கிழங்குப் பஞ்சத்துல தப்பிச்சு, கல்யாணமாகாத பொண்ணுங்க தனியா கப்பல் ஏறி நியூயார்க், பாஸ்டன்னு போய் வீட்டுவேலைக்குச் சேர்ந்தாங்க. அதுல ப்ரிஜெட்டுங்க நிறைய, ப்ரிஜிட்டைத்தான் இங்கிலீஷ்ல அப்படிச் சொல்றது. எஜமானிங்க வேலைக்காரி யாரா இருந்தாலும் 'ப்ரிஜெட்', இல்லேன்னா அதோட சுருக்கமான 'பிடி' (Biddy)ன்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க, பத்திரிகைக் கார்ட்டூன்ல தட்டை உடைக்கிற முரட்டு சமையக்காரி பேரும் அதுதான். வெக்கப்பட்டு டெலியான்னு மாத்திக்கிட்டவங்க உண்டு. சாமி பேருங்க அது, அதைப் போயி ஏவல் சொல்லா ஆக்கிட்டாங்களேன்னு எனக்கு இன்னைக்கும் ஆறல.

1993ல கில்டேர் சந்தைச் சதுக்கத்துல அந்த நெருப்பைத் திரும்ப ஏத்துனாங்க. 2023லேர்ந்து புனித ப்ரிஜிட் பேர்ல அரசு விடுமுறையும் வந்தாச்சு, அயர்லாந்துல ஒரு பொண்ணு பேர்ல வந்த முதல் பொது விடுமுறை. திருநாள் பிப்ரவரி 1. முந்தின நாள் சாயங்காலம் பச்சைக் கோரையை மடிச்சு மடிச்சு நாலு கை வச்ச சிலுவை பின்னி வாசல்ல மாட்டுறாங்க, ஒரு துணியை வெளியில போடுறாங்க, ராத்திரி ப்ரிஜிட் அந்தப் பக்கமா வந்து தொட்டுட்டுப் போவாங்களாம், அப்புறம் தலைவலின்னா அந்தத் துணியைத்தான் எடுத்துக் கட்டுறது.